அழகு அறுவைக்கு முன் வலி மாத்திரை: கடையில் வாங்கியதையும் கணக்கில் சேருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த நம்மவர்களின் பேச்சில் ‘மருந்து’ வேறு, ‘மாத்திரை’ வேறு. டாக்டர் எழுதிக் கொடுத்து, நோய்க்காக நாள்தோறும் சாப்பிடுவது மருந்து. தலை வலித்தாலோ, இடுப்பு பிடித்துக்கொண்டாலோ, மாதவிடாய் நேரத்தில் அடிவயிறு இழுத்தாலோ கடையில் வாங்கிப் ‘போட்டுக்கொள்வது’ மாத்திரை. அதனால்தான், அறுவை சிகிச்சைக்கு முன் “மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்கும்போது, முதல்நாள் இரவு இரண்டு வலி மாத்திரை போட்டவர்கூடத் தயங்காமல் “இல்லை” என்கிறார். அவர் எதையும் மறைக்கவில்லை. அவருடைய காதில் விழுந்த கேள்விக்கு அது நேர்மையான பதில். ஈப்போவில் அறுவைக்கூடத் தாதியாக 27 ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியிருக்கும் நான், அந்த ‘இல்லை’ என்ற சொல்லுக்குப் பிறகு தையலுக்கு அடியில் இரத்தம் கசிந்து நின்றதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இப்போது நம் ஊரிலிருந்தும் பலர் அழகு அறுவை சிகிச்சைக்குப் போகிறார்கள். கனமான தோடு போட்டுக் கிழிந்த காது மடலைத் தைத்துக்கொள்ளும் அக்காமார்கள், கண்ணிமைத் தோலைக் குறைத்துக்கொள்பவர்கள், மார்பின் கனத்தால் தோளும் முதுகும் வலித்து அதைக் குறைக்க நினைக்கும் பெண்கள், மார்பு பெண்களுடையதைப் போல் பெருத்துவிட்டதே என்று கூச்சப்படும் இளைஞர்கள் என்று எல்லாரும் அதில் உண்டு. முதல்முறையாகப் போகும் இவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்ற முடிவு உங்கள் அறுவை மருத்துவருடையது. அந்த முடிவை அவர் சரியாக எடுப்பதற்குத் தேவையான விவரத்தை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

வலி மாத்திரைக்கும் இரத்தத்துக்கும் என்ன தொடர்பு

உடலில் ஓரிடம் வெட்டுப்பட்டால், இரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் அங்கே ஓடி வந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கசியும் வாயை அடைக்கின்றன. அப்படி ஒட்டிக்கொள்ளும்படி மற்ற தட்டணுக்களை அழைக்கும் ஒரு பொருளைத் தட்டணுவே சுரக்கிறது. அந்தப் பொருள் உருவாவதற்கு ஒரு நொதி வேண்டும். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் பொருள்கள் பிறப்பதற்கும் அதே குடும்பத்து நொதிகள்தாம் வேண்டும். ஆஸ்பிரின், இபுபுரோஃபென், மெஃபனாமிக் அமிலம், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் ஆகியவை இந்த நொதிகளைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன; அதே வேகத்தில் தட்டணுக்களின் வாயையும் கட்டிவிடுகின்றன. ஜான் வேன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1971-இல் இந்தச் செயல்முறையை விளக்கினார். அவருக்கு 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் அறுவைக்கூடத்தில் இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் ஒரு சாதாரணக் குடும்ப மருத்துவர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பணியாற்றிய லாரன்ஸ் கிரேவன், தொண்டைச் சதை அறுவைக்குப் பிறகு வலி தணிய ஆஸ்பிரின் கலந்த சூயிங்கம்மை மென்ற நோயாளிகளுக்கு இரத்தம் அதிகமாகக் கசிவதைக் கண்டார். ஆஸ்பிரின் இரத்தம் உறைவதைத் தடுக்கிறது என்றால் மாரடைப்பையும் அது தடுக்கலாமே என்று எண்ணி, 1950 முதல் அதைப் பற்றி எழுதினார். இன்று இதய நோயாளிகள் தினமும் போடும் சிறு ஆஸ்பிரின் மாத்திரையும், அறுவைக்கு முன் உங்களைப் போடவேண்டாம் என்று சொல்லும் ஆஸ்பிரினும் ஒன்றேதான். ஒருவரின் உயிரைக் காக்கும் அதே குணம், தையல் போட்ட இன்னொருவருக்குத் தொந்தரவாகிறது.

அழகு அறுவையில் இது ஏன் கூடுதலாக முக்கியம்? இவ்வகை அறுவைகளில் தோலை அதன் அடித்தளத்திலிருந்து பிரித்து எடுத்து, இழுத்து, மீண்டும் பதிக்கிறார்கள். பிரித்த இடைவெளியில் இரத்தம் தேங்கினால் கட்டியாகிவிடும், மேலே உள்ள தோலுக்கு இரத்த ஓட்டம் குறைந்து அந்தத் தோலே அழுகக்கூடும், காயம் ஆறத் தாமதமாகும், தழும்பு தடிக்கும். நம்மவர்களின் தோலில் தடித்த தழும்பு வளரும் போக்கு இயல்பாகவே சற்று அதிகம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கண்ணிமை அறுவையில் கண் பந்துக்குப் பின்னால் இரத்தம் தேங்குவது மிக அரிது. ஆனால் தேங்கிவிட்டால் பார்வையே போகலாம். அழகுக்காகச் செய்துகொள்வதில் இந்த ஆபத்தை ஒரு வலி மாத்திரைக்காக ஏற்றுக்கொள்ள நியாயம் ஒன்றும் இல்லை.

பலர் தவறாக நம்பும் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். “இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் சரி என்று வந்தது, ஆகவே மாத்திரை போட்டது பாதிக்கவில்லை” என்பார்கள். அறுவைக்கு முன் வழக்கமாக எடுக்கும் பரிசோதனை தட்டணுக்களின் எண்ணிக்கையையும், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தையும் காட்டும். ஆஸ்பிரின் தட்டணுக்களின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை. இருக்கின்றவற்றை வேலை செய்யவிடாமல் வைக்கிறது. தாளில் எல்லாம் சரியாக இருக்கும், காயம் மட்டும் கசிந்துகொண்டே இருக்கும். நீங்கள் வாய் திறந்து சொல்வதற்கு மாற்றாக எந்தப் பரிசோதனைத் தாளையும் நம்ப வேண்டாம்.

முதல் வேலை: வீட்டிலுள்ள எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டுங்கள்

அறுவைக்குத் தேதி குறித்த அன்றே இதைச் செய்ய வேண்டும். முதல்நாள் இரவு செய்வதில் பயனில்லை. கைப்பை, சமையலறை அலமாரி, குளிர்சாதனப் பெட்டியின் கதவுத் தட்டு, காரின் முன்பெட்டி, மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் இருக்கும் பை ஆகிய எல்லா இடங்களிலும் மாத்திரை இருக்கும். கிடைத்ததை எல்லாம் மேசைமேல் கொட்டி, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர். அதனால் அதிகப் பயனில்லை. அட்டையின் பின்பக்கத்திலோ ஓரத்திலோ சிறிய எழுத்தில் மருந்துப் பொருளின் பெயரும், அது எத்தனை மில்லிகிராம் என்பதும் இருக்கும். அந்தப் பெயரை, புரிந்தாலும் புரியாவிட்டாலும், எழுத்து மாறாமல் பார்த்து எழுதுங்கள். கார்டிப்ரின் என்பது 100 மில்லிகிராம் ஆஸ்பிரின். பெட்டியில் அது ‘அசெட்டில்சலிசிலிக் அமிலம்’ என்றும் எழுதப்பட்டிருக்கலாம், இரண்டும் ஒன்றே. நியூரோஃபென் என்பது இபுபுரோஃபென். நம் பெண்கள் மாதவிடாய் வலிக்குப் போடும் பொன்ஸ்தான் என்பது மெஃபனாமிக் அமிலம். சின்ஃப்லெக்ஸ் என்பது நாப்ராக்சென். வோல்தரன் என்பது டைக்ளோஃபெனாக். செலிப்ரெக்ஸ், ஆர்கோக்சியா போன்றவை தட்டணுக்களை அதிகம் தொடுவதில்லை என்றாலும், சிறுநீரகத்தையும் இரத்த அழுத்தத்தையும் பாதிக்கக்கூடியவை. ஆகவே அவற்றையும் எழுதுங்கள்.

தனியார் கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை நம்மவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். நம் நாட்டில் கிளினிக் டாக்டரே மருந்தையும் கொடுத்துவிடுவதால், சிறு நெகிழிப் பையில் உதிரி மாத்திரைகளாக வீட்டுக்கு வருகின்றன. பையின்மேல் ‘உபாட் தாஹான் சாகிட்’ என்று மலாயில் மட்டும் எழுதியிருந்தால், அது வலி மாத்திரை என்பது தெரிகிறதே தவிர, எந்த வலி மாத்திரை என்பது தெரிவதில்லை. அந்தக் கிளினிக்கைத் தொலைபேசியில் அழைத்து மருந்தின் பெயரைக் கேட்டு, பையின்மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். கேட்பது உங்கள் உரிமை; யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இடுப்புப் பிடிப்புக்குக் கிளினிக்கில் ‘ஒரு ஊசி’ போட்டிருந்தாலும் அதன் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். செம்பனைக் குலை வெட்டும் ஆண்கள் பலர் மாதத்துக்கு ஒருமுறையாவது இந்த ஊசியைப் போட்டுக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் வகையைச் சேர்ந்தது. வாய்வழியாகப் போகவில்லை என்பதற்காக அது மாத்திரைக் கணக்கில் சேராமல் போய்விடாது.

சளி, காய்ச்சல், தலைவலி ஆகியவற்றுக்கான கலவை மாத்திரைகளும் இந்தப் பட்டியலில் வர வேண்டும். ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று பொருள்கள் இருக்கும். பொட்டலத்தில் வரும் தலைவலிப் பொடிக்கும் இதே விதிதான்: உள்ளே இருப்பது என்ன என்று படித்துத் தெரிந்துகொள்ளாமல், “தாத்தா காலத்திலிருந்து சாப்பிடுகிறோம்” என்பதை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம்.

ஜாமு (மலாய் மூலிகை மருந்து), மூட்டுவலிச் சூரணம், தைலம்

இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஏனெனில் அறுவை மருத்துவரிடம் நம்மவர்கள் மிகக் குறைவாகச் சொல்வது இதைத்தான். இரவுச் சந்தையில், வீட்டு வாசலில், தொலைபேசிச் செய்தி வழியாக மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் மூலிகை மருந்து என்று பலவும் விற்கப்படுகின்றன. “இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது” என்று ஒருவர் சொன்னால், எனக்கு முதலில் தோன்றுவது மகிழ்ச்சி அல்ல, சந்தேகம். மூலிகை என்ற பெயரில் விற்கப்படும் பொருள்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்தும் இரகசியமாகக் கலந்திருப்பதாக நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. வலி மருந்து கலந்திருந்தால் இரத்தக் கசிவு. ஸ்டீராய்டு கலந்திருந்தால் காயம் ஆறுவது தாமதம், கிருமித் தொற்று, சர்க்கரை ஏற்றம். பல மாதங்கள் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால், உடல் தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோன் போதாமல், மயக்க மருந்து கொடுக்கும்போது இரத்த அழுத்தம் சரிந்துவிடக்கூடும். ஆகவே இப்படிப்பட்ட பொருளை நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால், தானாக நிறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். பாட்டிலோடு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

பொருள் பதிவு பெற்றதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. நம் நாட்டில் பதிவுபெற்ற ஒவ்வொரு மருந்தின் பெட்டியிலும் ‘மால்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். எண்களுக்குப் பின் வரும் எழுத்தைக் கவனியுங்கள். ஏ என்றிருந்தால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. எக்ஸ் என்றிருந்தால் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடியது. டி (T) என்றிருந்தால் பாரம்பரிய மருந்து. என் (N) என்றிருந்தால் சத்து மாத்திரை. பெட்டியில் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்க வேண்டும். இந்த எண்ணைத் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் இணையத் தேடலில் போட்டுப் பார்க்கலாம். எண்ணே இல்லாத பொருளாக இருந்தால், அது என்ன என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் மருத்துவருக்கும் தெரியாது.

மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, ஜின்கோ, ஜின்செங், செறிவூட்டிய மஞ்சள் மாத்திரை ஆகியவற்றையும் பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரசத்தில் போடும் பூண்டையும் குழம்பில் போடும் மஞ்சளையும் யாரும் நிறுத்தச் சொல்வதில்லை, பயப்பட வேண்டாம். பேச்சு எல்லாம் செறிவூட்டப்பட்ட குளிகையைப் பற்றியது.

தைலத்துக்கும் வருகிறேன். கோடாலித் தைலத்திலும் பல வலிப் பட்டைகளிலும் மெத்தில் சலிசிலேட் என்ற பொருள் இருக்கிறது. அது ஆஸ்பிரினுக்கு உறவு. நெற்றியில் ஒரு துளி தடவுவதால் ஒன்றும் ஆகாது. ஆனால் முழங்கால், இடுப்பு, தோள் என்று தினமும் தாராளமாகத் தேய்த்துக்கொள்பவருக்குத் தோல் வழியாக உள்ளே போகும் அளவு கணிசமானது. குறிப்பாக, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையைச் சாப்பிடுபவருக்கு இது இரத்தக் கசிவை உண்டாக்கியதாகப் பதிவுகள் உள்ளன. நோட்டுப் புத்தகத்தில் தைலத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். அறுவை நடக்கும் இடத்திலோ அதன் அருகிலோ எந்தத் தைலமும் தடவக் கூடாது.

நாட்களை எப்படி எண்ணுவது

ஆஸ்பிரினுக்கும் மற்ற வலி மாத்திரைகளுக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. ஆஸ்பிரின் ஒரு தட்டணுவைத் தொட்டால் அந்தத் தட்டணு சாகும்வரை வேலை செய்யாது. தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். உடல் நாளொன்றுக்கு ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு தட்டணுக்களைப் புதிதாக்குகிறது. ஆகவே ஆஸ்பிரினின் விளைவு முழுதாக அகல ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். வயிற்றில் மருந்து சில மணி நேரத்தில் கரைந்துவிட்டாலும், அது விட்டுச்சென்ற விளைவு தொடர்ந்து நிற்கிறது. அழகு அறுவை செய்பவர்கள் பலர் ‘இரண்டு வாரம்’ என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இபுபுரோஃபெனும் மெஃபனாமிக் அமிலமும் டைக்ளோஃபெனாக்கும் நொதியைத் தற்காலிகமாகவே தடுக்கின்றன. ஆரோக்கியமானவருக்கு இபுபுரோஃபெனின் விளைவு ஏறக்குறைய ஒரு நாளில் நீங்கிவிடும். நாப்ராக்சென் உடலில் நீண்ட நேரம் தங்கும். அதற்குப் பல நாள்கள் விட வேண்டும். அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று ஏன் சொல்கிறார்கள் என்று கேட்கலாம். என் அனுபவத்தில், எந்த மாத்திரையைப் போட்டோம் என்று சரியாக நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. வயதானவருக்கும் சிறுநீரகம் பலவீனமானவருக்கும் மருந்து வெளியேற நேரமாகும். ஆகவே எல்லாருக்கும் பொருந்தும் ஒரே கணக்கைச் சொல்வது பாதுகாப்பானது. உங்கள் மருத்துவர் சொன்ன நாளை நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டு, வீட்டிலுள்ள எல்லாரும் பார்க்கும்படி மாட்டிவையுங்கள். “தலை வலிக்கிறதா? இந்தா, இதைப் போடு” என்று அன்போடு மாத்திரையை நீட்டுபவர் பெரும்பாலும் அம்மாவோ மாமியாரோதான், அவர்களுக்கும் அந்த வட்டத்தின் பொருள் தெரிந்திருக்க வேண்டும்.

இளம்பெண்கள் அறுவைத் தேதியைக் குறிக்கும்போதே மாதவிடாய்த் தேதியையும் பார்த்துக்கொள்வது நல்லது. மாதாமாதம் பொன்ஸ்தான் இல்லாமல் எழுந்து நடமாட முடியாதவர், அந்த நாள் அறுவைக்கு முந்தைய வாரத்தில் விழுமானால், வலியைத் தாங்கவும் முடியாமல் மாத்திரையைப் போடவும் முடியாமல் தவிப்பார். மருத்துவரிடம் கூச்சமின்றிச் சொன்னால் தேதியை மாற்றித் தருவார்கள். இது அவர்களுக்குப் புதிய கோரிக்கை அல்ல.

தாமாக நிறுத்தக் கூடாதவர்கள்

மாரடைப்பு வந்தவர், இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர், பக்கவாதம் வந்தவர் ஆகியோர் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்றவற்றை இதைப் படித்துவிட்டு நிறுத்தவே கூடாது. ஸ்டென்டில் இரத்தம் உறைந்தால் உயிர் போகும். இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் தங்களுக்குள் பேசி எழுத்தில் முடிவு தரும்வரை மாத்திரையைத் தொடருங்கள். அவர்கள் அறுவையைத் தள்ளிப்போடச் சொன்னால் தள்ளிப்போடுங்கள். காது மடலும் கண்ணிமையும் காத்திருக்கும்.

அந்த இரண்டு வாரத்தில் வலி வந்தால்

பாரசிட்டமால், அதாவது பனடோல் என்று நாம் சொல்வது, வழக்கமான அளவில் தட்டணுக்களைக் குறிப்பிடத்தக்க அளவுக்குப் பாதிப்பதில்லை. ஆகவே பெரும்பாலான அறுவை மருத்துவர்கள் இதை அனுமதிக்கிறார்கள். உங்கள் மருத்துவரிடமும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் பெரியவர்களுக்கு ஒருமுறைக்கு ஒன்று அல்லது இரண்டு. அடுத்த முறைக்குக் குறைந்தது 4 மணி நேர இடைவெளி. 24 மணி நேரத்தில் 8 மாத்திரைக்கு மேல் கூடாது. நீண்ட நேரம் வேலை செய்யும் 665 மில்லிகிராம் வகைக்குக் கணக்கு வேறு. அதில் நாளொன்றுக்கு 6 தான் எல்லை. கல்லீரல் நோய் உள்ளவர்களும், மது அருந்துபவர்களும், மிகவும் மெலிந்தவர்களும் இதைவிடக் குறைவாகவே எடுக்க வேண்டும். எவ்வளவு என்பதை மருத்துவரோ மருந்தாளரோ சொல்வார்.

இங்கே வரும் தவறு, ஒரே பொருளை இருமுறை போடுவது. தலைவலிக்கு இரண்டு பனடோல், சளிக்கு ஒரு சளி மாத்திரை, இரவில் கிளினிக் கொடுத்த காய்ச்சல் மாத்திரை என்று போட்டால், மூன்றிலும் பாரசிட்டமால் இருக்கக்கூடும். அதிகமானால் கல்லீரல் கெடும். முதல்நாள் ஒன்றும் தெரியாது என்பதுதான் அதன் கொடுமை. ‘பனடோல்’ என்ற பெயரிலேயே பல வகைகள் விற்கின்றன. சிலவற்றில் காஃபீன் உண்டு, சிலவற்றில் சளி மருந்து உண்டு. அறுவைக்கு முன்னுள்ள நாட்களில் வேறு எதுவும் கலக்காத வகையை மட்டும் வாங்குங்கள்.

“அறுவைக்குப் பிறகு வலிக்கும், அதனால் முன்கூட்டியே நன்றாகப் போட்டுக்கொள்கிறேன்” என்று சிலர் எண்ணுகிறார்கள். முன்கூட்டியே வலி மருந்து கொடுக்கும் வழக்கம் மருத்துவத்தில் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது மயக்க மருந்து மருத்துவர் அளவு பார்த்துக் கொடுப்பது. நீங்கள் வீட்டில் 1,000 மில்லிகிராம் பாரசிட்டமால் போட்டுவிட்டு வந்ததைச் சொல்லாவிட்டால், அங்கே நரம்பு வழியாக அதையே இன்னொரு முறை ஏற்றிவிடக்கூடும்.

வலியோடு காய்ச்சலும் வந்தால் கதை வேறு. நம் பகுதியில் காய்ச்சல் என்றாலே டெங்கியை நினைக்க வேண்டும். டெங்கியில் தட்டணுக்களின் எண்ணிக்கையே சரிகிறது. அந்த நேரத்தில் ஆஸ்பிரினோ இபுபுரோஃபெனோ மெஃபனாமிக் அமிலமோ போடுவது எரியும் இடத்தில் மண்ணெண்ணெய் ஊற்றுவது போன்றது. சுகாதாரக் கிளினிக்குக்குப் போய் இரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்; அறுவை செய்யும் இடத்துக்கும் அன்றே தெரிவியுங்கள். காய்ச்சலை மாத்திரையால் அடக்கிக்கொண்டு அறுவை மேசையில் படுப்பதை எந்த நிலையிலும் செய்ய வேண்டாம்.

தவறிப் போட்டுவிட்டால்

என் சித்தியின் கதையைச் சொல்கிறேன். கல்யாணத்துக்குப் போட்ட கல்தோட்டின் கனத்தில் கிழிந்த காது மடலைத் தைக்க நாள் குறித்திருந்தார்கள். மூன்று நாளுக்கு முன் முழங்கால் வலிக்கென்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரையைக் காலையும் இரவும் போட்டிருக்கிறார். கேட்டபோது “மருந்தெல்லாம் இல்லை” என்றார். சின்னத் தையல்தான்; ஆனால் அன்று மாலைக்குள் காது கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, தையலைப் பிரித்துக் கட்டிய இரத்தத்தை எடுத்து மீண்டும் தைக்க வேண்டியதாயிற்று. நான் தாதியாக இருந்தும், என் வீட்டுக்குள்ளேயே அந்தக் கேள்வியைச் சரியான சொற்களில் கேட்கத் தவறிவிட்டேன் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. அதற்குப் பிறகு நான் யாரிடமும் “மருந்து சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்பதில்லை. “கடந்த இரண்டு வாரத்தில் வலிக்கு, சளிக்கு, உடம்புக்கு என்று எதைப் போட்டீர்கள், எதைக் குடித்தீர்கள், எதைத் தடவினீர்கள்?” என்று கேட்கிறேன். உங்கள் மருத்துவர் சுருக்கமாகக் கேட்டாலும் நீங்கள் இந்த நீண்ட கேள்விக்கே பதில் சொல்லுங்கள்.

தவறிப் போட்டது தெரிந்த உடனே தொலைபேசியில் அழைத்து மூன்று விவரங்களைச் சொல்லுங்கள்: மாத்திரையின் பெயர், எத்தனை, கடைசியாக எத்தனை மணிக்கு. அறுவையைத் தள்ளிவைத்தால் முன்பணம் போய்விடுமே, விடுப்பு எடுத்தது வீணாகிவிடுமே என்ற பயம்தான் பலரை மௌனமாக்குகிறது. முன்பணம் கட்டும்போதே, மருத்துவக் காரணத்தால் தேதி மாறினால் பணம் என்னவாகும் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டால் அந்தப் பயம் குறையும். மாத்திரைகளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் அறுவைக்கு நாள் குறிக்கும் இடம் எதுவானாலும் அங்கே படுக்காதீர்கள். 1998-ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின்கீழ் அனுமதி பெற்ற இடத்தில், பதிவுபெற்ற மருத்துவர் கையால் மட்டுமே இத்தகைய அறுவை நடக்க வேண்டும்; அழகு நிலையத்தின் பின் அறையில் நடப்பது எதுவும் இதில் சேராது.

முந்தைய இரவும் அன்று காலையும்

திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம் என்பது மயக்க மருந்துக்கு முந்தைய பொதுவான பட்டினிக் கணக்கு. உங்களுக்குச் சொன்ன நேரம் இதைவிட நீண்டதாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். தே தாரிக்கும் மைலோவும் பால் கலந்தவை. அவை நீர்க் கணக்கில் வராது. விடியற்காலையில் தலை வலித்தால், பனடோல்தானே என்று நீங்களாகப் போடாமல், கொடுத்த எண்ணில் அழைத்துக் கேளுங்கள். இரத்த அழுத்த மாத்திரையைப் பொதுவாக ஒரு வாய் நீரோடு போடச் சொல்வார்கள் என்றாலும், எல்லா வகைக்கும் அது பொருந்தாது; எதைப் போடுவது, எதை விடுவது என்று முதல்நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டுப் புத்தகத்தையும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு, உடன் வருபவர் கையில் கொடுங்கள். மயக்கம் தெளியாத நேரத்தில் யாராவது கேட்டால் பதில் சொல்ல அவர்தான் இருப்பார்.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு

முக அறுவைகளில் இரத்தக் கட்டு பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வருகிறது. ஆகவே அன்றிரவே தோட்டத்து வீட்டுக்குத் திரும்பாமல், அறுவை நடந்த இடத்துக்குப் பக்கத்தில் உறவினர் வீட்டில் தங்க முடிந்தால் தங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் வேகமாக வீங்குவது, தோல் விறைத்துப் பளபளப்பது, கொடுத்த மருந்துக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போவது, கட்டு நனைந்துகொண்டே இருப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே அழைக்க வேண்டும். கண்ணிமை அறுவைக்குப் பிறகு கடுமையான கண்வலியோ பார்வை மங்கலோ வந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள் அல்லது அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

நிறுத்திய வலி மாத்திரைகளை எந்த நாளிலிருந்து மீண்டும் தொடங்கலாம் என்பதை அவரவர் அறுவைக்கேற்ப மருத்துவர் சொல்வார். “அறுவைதான் முடிந்துவிட்டதே” என்று அன்றிரவே பழைய பொன்ஸ்தானை எடுப்பது, இரண்டு வாரம் பொறுத்திருந்ததை வீணாக்கிவிடும். இதய நோய்க்காக மருத்துவர்கள் நிறுத்திவைத்த ஆஸ்பிரினுக்கு மட்டும், மீண்டும் தொடங்க வேண்டிய தேதியை வீட்டுக்கு வரும் முன்பே எழுதி வாங்கி, முன்பு சிவப்பு வட்டம் போட்ட அதே நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். தையல் பிரிக்கப் போகும் நாளிலும் அந்த நோட்டுப் புத்தகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; இடைப்பட்ட நாட்களில் போட்ட ஒவ்வொரு மாத்திரையும் அதில் எழுதியிருக்க வேண்டும்.